எட்டுப் பத்து வண்டிக்கு ஒரு நன்றி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். போன வாரம் எழுத உட்கார்ந்திருந்தால் இந்த 'நலம்' என்ற வார்த்தையை இவ்வளவு துணிச்சலாக எழுதியிருக்க மாட்டேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சின்னவளுக்கு முன்பல் விழுந்துவிட்டதாக அம்மா சொன்னாள். மாப்பிள்ளையின் இருமல் நின்றதா என்று எழுது. தினமும் போனில் பேசுகிற மனுஷன் திடீரென்று எதற்குத் தபால் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு என் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "அது அப்படி இல்ல" என்று சொல்வாள். நடந்ததை ஒரு தடவையாவது குறுக்கீடு இல்லாமல் முதலிலிருந்து கடைசிவரை சொல்லிப் பார்த்தால் எனக்காவது புரியுமா என்று பார்க்கத்தான் இந்தக் கடிதம்.

இத்தனைக்கும் காரணம் நீதான். கோபமாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். இரண்டு மாதம் முன்பு நீ வந்திருந்தபோது ஒரு நாள் காலையில் எங்களோடு பஸ்ஸில் வந்தாய். அம்மாவின் தையற்கூடத்து நிறுத்தத்தில் இறங்கும்போது டிரைவரைப் பார்த்து "தேங்க்ஸ்ணா" என்றாய். அவரும் கையைத் தூக்கினாராம், நீதான் சொன்னாய், நான் பார்க்கவில்லை. கீழே இறங்கியதும் என்னைப் பிடித்துக்கொண்டாய். "அப்பா, அம்மாவால சட்டுனு ஏற முடியலைன்னு அந்த மனுஷன் தினமும் நிறுத்தி வச்சிருக்கார். ஒரு நாளாவது அவருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லியிருக்கீங்களா" என்று கேட்டாய். வண்டியை நிறுத்துவதும் எடுப்பதும் அவர் வேலை என்றேன். "உங்க வாயிலேர்ந்து யாருக்காவது அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லப்பா" என்று சொல்லிவிட்டு நீ ஊருக்குப் போய்விட்டாய். அந்த வாக்கியம் இங்கேயே தங்கிவிட்டது.

உனக்கே தெரியும், முப்பத்து நான்கு வருஷம் ஆலையில் டைம் கீப்பராக இருந்தவன் நான். வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வருகிறவன் எத்தனை மணிக்கு வந்தான், போகிறவன் எத்தனை மணிக்குப் போனான் என்று எழுதியவன். ஆலையில் எனக்குப் பெயரே 'நிமிஷம்'. "நிமிஷம் கூண்டுல இருக்காரா, டீ குடிக்கப் போயிட்டாரா" என்று விசாரித்த பிறகுதான் தாமதமாக வருகிறவர்கள் தெருமுனை திரும்புவார்கள். நேரத்துக்கு வந்தவனுக்கு நான் நன்றி சொன்னதில்லை, லேட்டாக வந்தவனைத் திட்டியதும் இல்லை. எழுதினேன், அவ்வளவுதான். உலகம் இப்படித்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். என் அறுபத்தோரு வயதில் நீ வந்து, நடக்காது என்றாய். சரி, பெண் சொல்கிறாள், பழகித்தான் பார்ப்போமே என்று ஆரம்பித்தேன்.

முதலில் சின்ன இடங்களில் பழகினேன். முடி வெட்டுகிறவரிடம், எழுந்து துண்டை உதறிய கையோடு, "ரொம்ப நன்றிங்க" என்றேன். பதினாறு வருஷமாக எனக்கு வெட்டுகிறவர் அவர். சீப்பைக் கீழே வைத்துவிட்டு, "என்ன சார், வேற கடைக்குப் போறீங்களா" என்று கேட்டார். இல்லை என்று சொல்லி நம்பவைப்பதற்குள் அடுத்தவர் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மாடி வீட்டுக்காரர். முன்பெல்லாம் காலையில் நாற்காலியை இழுத்து இழுத்துப் போடுவார், இப்போது கொஞ்ச நாளாகச் சத்தமில்லை. படியில் பார்த்தபோது, "நாற்காலியை இழுக்காம இருக்கறதுக்கு ரொம்ப நன்றி" என்றேன். அவர் முகம் கறுத்துவிட்டது. "நேரடியாவே சொல்லலாமே சார், குத்திக்காட்ட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் அலமாரியையே இழுத்தார். உன் அம்மா காலையில் டீ கொண்டுவந்து வைத்தபோது அவளிடமும் சொல்லிப் பார்த்தேன். அவள் புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "டாக்டர் ஏதாவது சொன்னாரா? எங்கிட்ட மறைக்காதீங்க" என்றாள். நன்றி என்பது எல்லோருக்கும் நல்ல வார்த்தை என்றுதானே நீ சொன்னாய். நான் யாரிடம் சொன்னாலும் அவர்கள் பயப்படுகிறார்கள். எங்கே தப்பு செய்கிறேன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

இந்த நிலைமையில்தான் டிரைவரிடம் போனேன். எங்கள் ஏற்பாடு உனக்குத் தெரியும். முன்வாசலில் படி தாழ்வு என்பதால் உன் அம்மா அங்கே ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்காருவாள். இரண்டு பேரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ள வேண்டாம் என்று நான் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலில் ஏறுவேன். தையற்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக நின்றபடியே துணி வெட்டிய முழங்கால் அவளுடையது, மூன்று படி ஏற அது நேரம் எடுத்துக்கொள்ளும். எட்டுப் பத்துக்கு எடுக்க வேண்டிய வண்டியைப் பல நாள் எட்டுப் பன்னிரண்டுக்கு எடுப்பார்கள். பழக்கதோஷம், அதையெல்லாம் சட்டைப் பை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அன்று வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய் டிரைவர் தோளுக்குப் பக்கத்தில் நின்று, "ரொம்ப நன்றி" என்றேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

"என்ன?"

"நன்றி."

"எதுக்கு?"

"நீங்க நிக்கறதுக்கு."

"நான் எங்க சார் நிக்கறேன். உட்கார்ந்துதானே ஓட்டறேன்" என்றார். "பின்னாடி போங்க. வண்டி ஓடும்போது டிரைவர்கிட்ட பேசக்கூடாதுன்னு எழுதியிருக்கு பாருங்க."

எவ்வளவு அடக்கமான மனுஷன் என்று எனக்கு நெஞ்சே நெகிழ்ந்துவிட்டது. உன் அம்மா தன் இடத்தில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் வேகமாக ஆட்டினாள். விடாதீர்கள் என்கிறாள் போல என்று எடுத்துக்கொண்டேன். வாயால் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதவருக்கு எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்து, சட்டையில் குத்தியிருந்த எண்ணை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு திரும்பி வந்தேன். இறங்கியதும் அம்மா, "டிரைவர்கிட்ட என்ன பேச்சு" என்றாள். "ஒண்ணுமில்ல" என்றேன். பாராட்டுக் கடிதம் வந்ததும் அவளுக்கே தெரியட்டும், அதுவரை சொல்ல வேண்டாம் என்று இருந்தேன்.

அவளைத் தையற்கூடத்தில் விட்டுவிட்டு நேராகப் பஸ் பணிமனைக்குப் போனேன். அங்கே வரிசையாக ஜன்னல்கள். முதல் ஜன்னலில் இருந்த அம்மையாரிடம், "நன்றிக்கு எந்த ஜன்னல்" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "வண்டில விட்டுட்டீங்களா? காணாமப்போன சாமானுக்கு மூணாவது ஜன்னல்" என்றார். இல்லை, ஒரு டிரைவரைப் பாராட்டி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். அந்த அம்மையார் மேசை இழுப்பறை இரண்டையும் திறந்து தேடினார், பக்கத்து மேசைக்காரரைக் கேட்டார், அவர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்து உதட்டைப் பிதுக்கினார். "அதுக்குத் தனியா பாரம் எதுவும் வரலீங்க. புகார் பாரம்தான் இருக்கு. அதுலயே எழுதிக் கொடுங்க, படிக்கறவங்களுக்குப் புரியாதா" என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாரத்தில் 'தவறிழைத்த ஊழியர்' என்ற இடத்தில் அவருடைய எண்ணைப் போட்டேன். 'நடந்தது என்ன' என்ற இடத்தில், 'இவர் என் மனைவிக்காக இரண்டு வருஷமாக வண்டியைக் குறித்த நேரத்தைத் தாண்டி நிறுத்தி வைத்து வருகிறார்' என்று எழுதினேன். எத்தனை முறை என்று கேட்டிருந்தது, நோட்டைப் பார்த்துக் கூட்டி இருநூற்று இருபத்தாறு என்று போட்டேன். கடைசியில், 'எதிர்பார்க்கும் நடவடிக்கை'. நல்ல தமிழில் எழுத வேண்டும் என்று கொஞ்ச நேரம் யோசித்து, 'இப்படிப்பட்டவரைச் சும்மா விட்டுவிடக் கூடாது. மேலிடத்தில் கூப்பிட்டு, நாலு பேர் பார்க்க, தக்க மரியாதை செய்து அனுப்ப வேண்டும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நீயே சொல், இதில் என்ன தப்பு?

பத்து நாள் கழித்துப் பணிமனையிலிருந்து தபால் வந்தது. நான் கடைக்குப் போயிருந்தேன், உன் அம்மா பிரித்துவிட்டாள். 'தங்கள் புகாரின் பேரில் மேற்படி ஓட்டுநர் வண்டியிலிருந்து இறக்கப்பட்டுள்ளார். தக்க மரியாதை செய்ய ஏற்பாடு நடக்கிறது. சாட்சியம் அளிக்கத் தாங்கள் மனைவியுடன் வரவும்.' நான் உள்ளே நுழையும்போது அவள் அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"யாரு மேல என்ன எழுதிக் கொடுத்தீங்க?"

"நம்ம டிரைவருக்கு நன்றி சொல்லி எழுதினேன்."

"நன்றி சொன்னதுக்கா வண்டியிலேர்ந்து இறக்கியிருக்காங்க?"

எனக்கே விளங்காததை நான் அவளுக்கு எப்படி விளக்குவது. ஒன்று மாற்றி ஒன்று சொல்லிப் பார்த்தேன். "அந்த மனுஷன் வயித்துல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே" என்றாள். அன்று முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. உன்னிடம் போனில் தலைவலி என்று சொன்னாளே, அது இதுதான்.

விசாரணை நாளன்று பணிமனைக்குள் நுழைந்தோம். மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் டிரைவர் உட்கார்ந்திருந்தார். ஆறு நாளாக அந்தப் பெஞ்சில்தான் அவருக்கு வேலையாம், காலையில் வந்து உட்கார்ந்து சாயங்காலம் எழுந்து போவது. சாதாரணச் சட்டை போட்டிருந்தார். உன் அம்மா அவரைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"இவரா?" என்று என்னிடம் கேட்டாள்.

"இவர்தான். யூனிஃபார்ம்ல இல்லாததால உனக்கு அடையாளம் தெரியல" என்றேன்.

 அவள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவரும் அவளைப் பார்த்தார், பார்த்ததும் எழுந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

மேலாளர் நல்லவராகத்தான் தெரிந்தார், ஆனால் கையெழுத்துப் போட ஒரு கட்டுத் தாள் எதிரில் இருந்தது. என் பாரத்தை எடுத்து வாசித்துவிட்டு டிரைவரைப் பார்த்து, "இருநூத்தி இருபத்தாறு தடவை. என்ன சொல்றீங்க" என்றார்.

"சார், நான் யாருக்காகவும் வண்டியை நிறுத்தறவன் இல்ல சார்" என்றார் டிரைவர். "இருபது வருஷ சர்வீஸ். ஒரு நிமிஷம் லேட்டா எடுத்ததில்ல. டிப்போல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

வாசலில் நின்ற கண்டக்டர் ஒருவர், "இவரு நிறுத்தினாரா" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் போனார். எனக்குப் பொறுக்கவில்லை. பாவம், பயத்தில் தான் செய்த நல்லதையே இல்லை என்கிறாரே மனுஷன் என்று எழுந்தேன். "சார், அவர் அடக்கமா சொல்றார். நம்பாதீங்க. அவரை மாதிரி இரக்கமான ஆளைப் பார்க்க முடியாது. நாள், மணி எல்லாம் எங்கிட்ட இருக்கு" என்று நோட்டை எடுத்து மேசை மேல் வைத்தேன். மேலாளர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. உதவிதானே செய்கிறோம் என்று நான் தேதிகளை வாசித்தும் காட்டினேன்.

"பயப்படாதீங்க, உண்மையைச் சொல்லிடுங்க" என்று டிரைவரிடம் சொன்னேன். "நீங்க நல்லவர்."

"நான் நல்லவன் இல்ல சார்" என்றார் அவர், அழாத குறையாக. "என்னை விட்டுடுங்க சார்."

மேலாளர் பேனாவைத் திறந்து, "லைன் வண்டியை இஷ்டத்துக்கு நிறுத்தறதுன்னா இந்த வேலைக்கே லாயக்கில்லைன்னுதான் எழுதணும்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் கொடுத்த ஒவ்வொரு நல்ல வார்த்தையும் அந்த மனுஷன் கழுத்தில்தான் விழுந்திருக்கிறது என்று. என்ன சொல்லி நிறுத்துவது என்று தெரியவில்லை. நன்றியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லலாமா, நோட்டில் எழுதியதெல்லாம் பொய் என்று சொல்லலாமா? முப்பத்து நான்கு வருஷத்தில் ஒரு நிமிஷம்கூட நான் பொய்யாக எழுதியதில்லை. 

உன் அம்மா நாற்காலிக் கைப்பிடியில் கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். மேலாளர், "உட்கார்ந்தே சொல்லலாம்மா" என்றார். "நின்னே பழகிட்டேன்" என்றாள். பிறகு அவள் பேசியது மேலாளரிடம், ஆனால் பார்த்ததெல்லாம் டிரைவரை.

"எனக்கு முழங்கால் வளையாது சார். ஒரு கால் படியில இருக்கும், ஒரு கால் தரையில இருக்கும். அந்தக் காலைத் தூக்கி வைக்க நேரமாகும். அப்படி ஒரு பொம்பளை கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டிருக்கும்போது எந்த டிரைவராவது வண்டியை எடுப்பாரா? எடுத்தா அவர் மனுஷனா?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மேலாளர் தடிமனான ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, படியில் பயணி கால் இருக்கும்வரை வண்டியை நகர்த்தக் கூடாது என்று விதியே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். எனக்கென்னவோ, கண்டுபிடித்ததில் எங்களைவிட அவருக்குத்தான் நிம்மதி என்று பட்டது. "அப்போ இவர் விதிப்படிதான் நடந்திருக்கார்" என்று எழுதிக்கொண்டே, "இனிமேலும் கால் படியில இருந்தா வண்டியை எடுக்க மாட்டார், இல்லையா" என்றார்.

"அவரையே கேளுங்க" என்றாள் உன் அம்மா.

"எடுக்க மாட்டேம்மா" என்றார் டிரைவர். கேட்டது மேலாளர், அவர் பதில் சொன்னது இவளுக்கு.

புறப்படும்போது மேலாளர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், இனிமே யாரையாவது பாராட்டணும்னு தோணினா தயவுசெஞ்சு மனசுக்குள்ளயே வச்சுக்குங்க" என்றார். என் நோட்டு கோப்போடு போய்விட்டது. திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் டிரைவர். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றார். என்னைப் பார்த்து, "சார், உங்களுக்கு நான் ஏதாவது கெடுதல் பண்ணியிருக்கேனா" என்று கேட்டார். "ஐயோ, நல்லதுதானே பண்ணினீங்க" என்றேன். "இனிமே நல்லது பண்ணினாக்கூட எழுதாதீங்க சார்" என்றார். சரி என்றேன். பிறகு உன் அம்மா பக்கம் திரும்பி, "ஏம்மா அப்படிச் சொன்னீங்க? அன்னைக்கு..." என்று ஆரம்பித்தார். அவள் முடிக்க விடவில்லை. "முதல்ல தண்ணியைக் குடிங்க" என்று டம்ளரை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். குடித்துவிட்டு டம்ளரைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டாள்.

"அம்மா இருக்காங்க. ரெண்டு பிள்ளைங்க."

"அம்மாவுக்கு நடக்க முடியுதா?"

"கஷ்டம்தாம்மா."

"ம்" என்றாள். "நாளைக்கு எத்தனை மணிக்கு வண்டி?"

"எட்டுப் பத்து."

"வருவோம்."

அவ்வளவுதான் பேச்சு. அவர் போய்விட்டார். மறுநாள் வண்டி நின்றது, நிற்கட்டும், அது எப்போதும் நிற்கிறதுதான். ஆனால் அன்று டிரைவர் இருக்கையை விட்டு எழுந்து வந்து உன் அம்மாவுக்குக் கை கொடுத்தார். பின்வாசலில் என் பக்கத்தில் நின்றவர், "என்னாச்சு இந்த ஆளுக்கு" என்றார். எனக்கும் அதே கேள்விதான். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு அவர் உன் அம்மாவுக்கு நன்றி காட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால், அவர் இரண்டு வருஷம் நின்றதற்குத்தான் நான் நன்றி சொன்னேன், அந்த நன்றியால்தான் அவர் வேலைக்கே ஆபத்து வந்தது. இதில் யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. உன் அம்மாவிடம் கேட்டால், "பையை எடுங்க, நேரமாச்சு" என்கிறாள்.

ஆகவே மகளே, யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நன்றி சொல்வது என் கைக்கு அடங்காத கருவி. தெரிந்தவர்கள் உபயோகிக்கட்டும். நான் இனி யாருக்கும் வாயாலும் சொல்வதில்லை, எழுத்தாலும் கொடுப்பதில்லை. நீயும் என்னைத் திருத்துவதை இத்தோடு விட்டுவிடு. குழந்தைகளுக்கு வேண்டுமானால் சொல்லிக் கொடு, அவர்களுக்கு இன்னும் வயது இருக்கிறது.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். பெரியவனிடம் புத்தகத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டாம் என்று சொல். நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல், மனத்தாங்கல் இல்லாமல் நீடூழி இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் தினமும் நினைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உன் அன்பு அப்பா

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன் உன் அம்மா, தானும் இரண்டு வரி எழுதுவதாக வாங்கினாள். வாங்கியவள் முழுக்கப் படித்துவிட்டாள். படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அது அப்படி இல்ல" என்றாள்.

எட்டுப் பத்து வண்டிக்கு இரண்டு டிரைவர்களாம். ஒரு வாரம் ஒருவர், அடுத்த வாரம் இன்னொருவர். அம்மாவுக்காக நிறுத்தி வைக்கிறவர் குட்டையாக, வழுக்கைத் தலையோடு இருப்பாராம். நீ தேங்க்ஸ் சொன்னதும் அவருக்குத்தானாம். நான் எழுதிக் கொடுத்தது நெட்டையாக, மீசை வைத்த மற்றவர் மேல். அவர் ஒரு நாளும் நிறுத்தியதே இல்லையாம். விசாரணையில் அந்த மனுஷன் அத்தனை தடவை சொன்னதும் நிஜம்தானாம். அவர் வருகிற வாரங்களில் இவள் கால் மணி நேரம் முன்னாலேயே போய் முதல் ஆளாக நிற்பாளாம். வாரம் விட்டு வாரம் உனக்கு முழங்கால் தேவலையாக இருக்கிறது என்று நான் டாக்டரிடமே சொல்லியிருக்கிறேனே என்றேன். "முழங்காலுக்குக் கிழமை தெரியுமா" என்றாள். "ரெண்டு வருஷமா ஏறுறீங்க. முகத்தை ஒரு தடவை பார்த்திருந்தா போதும்."

அத்தோடு முடியவில்லை. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நம் இருவரிடமும் சொல்லி மூன்று வாரம் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள் அல்லவா. குளியலறை இல்லையாம். படியில் ஒரு கால் இருக்கும்போதே அந்த மீசைக்காரர் வண்டியை எடுத்துவிட்டாராம். நான் பின்வாசலில் ஏறி உள்ளே இடம் தேடிக்கொண்டிருந்தேனாம். வேறு யாரோ தூக்கிவிட்டிருக்கிறார்கள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா நீங்க எழுதிக் கொடுப்பீங்க. அந்த ஆளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும் இல்லையா" என்றாள். சரி, அவர்தான் இவர் என்று விசாரணையிலாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "நல்ல டிரைவர் செய்யறதைத்தான் அவர் பேர்ல சொல்லி வச்சேன். இப்போ நிக்கறார் இல்லையா?" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். 

இன்று திங்கட்கிழமை, குட்டை டிரைவரின் வாரம். முன்வாசலில் உன் அம்மாவுக்குப் பின்னாலேயே நானும் ஏறினேன். அவள் மூன்றாவது படியில் கால் வைக்கும்வரை அவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார். நல்ல முகம், காதில் கொஞ்சம் முடி, இடது புருவத்தில் நரை. பேசக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன், ஆனாலும் வாய் தானாகத் திறந்துகொண்டது. வார்த்தை வருவதற்குள் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மாவோட வீட்டுக்காரரா நீங்க? உட்காருங்க சார், உட்காருங்க, வண்டி எடுக்கணும்" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கண்ணாடியில் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இது நன்றி சொன்னதாக ஆகுமா ஆகாதா என்று உடனே பதில் எழுது.